வேலை தேட மாணவர்களுக்குச் சமூக வலைதளம் தேவையா? யாருக்குத் தேவை, எப்படிப் பயன்படுத்துவது

மூன்றாம் ஆண்டு வந்துவிட்டால் கல்லூரியில் ஒருபக்கம் "எல்லாரும் லிங்க்ட்இன் கணக்கு தொடங்குங்க" என்று (வேலை, தொழில் தொடர்புகளுக்கான சமூக வலைதளம் அது) பிளேஸ்மென்ட் அலுவலர் சொல்வார், வீட்டில் "அந்தப் போனைக் கீழே வெச்சுட்டுப் படி" என்பார்கள். நடுவில் நிற்கும் மாணவருக்கு எதைக் கேட்பது என்று தெரியாது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாருக்கும் தேவையில்லை. ஆனால் நீங்கள் போக நினைக்கும் துறையில் வீட்டில் யாருக்கும் ஒரு ஆளைக்கூடத் தெரியாது, கல்லூரிக்கும் நல்ல கம்பெனிகள் வருவதில்லை என்றால் உங்களுக்குக் கட்டாயம் தேவை. சென்னையில் பெரிய கல்லூரியில் படிக்கிற, மாமா ஐ.டி. கம்பெனியில் மேனேஜராக இருக்கிற பையனைவிட, திருவண்ணாமலைப் பக்கமோ ராமநாதபுரம் பக்கமோ ஒரு கல்லூரியில் முதல் பட்டதாரியாகப் படிக்கிற பெண்ணுக்குத்தான் இது அதிகம் உதவும். எந்த கம்பெனியில் எப்போது ஆள் எடுப்பார்கள், இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள், எந்த கோர்ஸ் வீண் என்பதெல்லாம் அந்தப் பையனுக்குச் சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே காதில் விழுந்துவிடும். இந்தப் பெண் தேடிப் போய்க் கேட்டால்தான் உண்டு.

அதற்காக நாள் முழுக்க அதிலேயே கிடக்க வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒன்று, ஒன்றரை மணி நேரம் ஒழுங்காகச் செலவழித்தால் போதும். மற்றதெல்லாம் பொழுதுபோக்கு, அதை வேலை தேடுவதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் உங்கள் துறை எது என்று பாருங்கள்

டிஎன்பிஎஸ்சி, எஸ்எஸ்சி, வங்கித் தேர்வு, ஆசிரியர் தேர்வு வாரியம், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் என்று போகிறவர்களுக்குச் சமூக வலைதளத்தால் வேலைக்கு ஒரு பயனும் இல்லை. அங்கே மதிப்பெண்தான் பேசும், யாரைத் தெரியும் என்பது பேசாது, பேசவும் கூடாது. அறிவிப்புகள் அந்தந்த வாரியத்தின் இணையதளத்திலேயே வரும். டெலிகிராம் குழுக்களில் பிடிஎஃப் கிடைக்கிறது, பழைய வினாத்தாள் கிடைக்கிறது, சரி, எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் "தேர்வு தள்ளிப்போகிறதாம்", "கட் ஆஃப் இவ்வளவாம்" என்று அங்கே ஓடும் வதந்திகளைப் படித்துப் படித்து மனம் கலைந்துபோனவர்கள் ஏராளம். ஒரு குழு போதும், அதையும் மியூட்டில் போட்டுவிடுங்கள்.

தனியார் துறை என்றால் கதை வேறு, அதிலும் எல்லாத் துறையும் ஒன்றில்லை. இதில் ஊகத்தை விட்டுவிட்டு ஆய்வு சொல்வதைப் பார்க்கலாம். மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பாஸ்டன் அருகே நியூட்டன் என்ற ஊரில் தெரிந்தவர்கள் மூலம் வேலை பிடித்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி பார்க்கிறவர் என்று சொன்னவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்க்கிறவர் என்றவர்கள் 55.6 சதவீதம், அரிதாகப் பார்க்கிறவர் என்றவர்கள் 27.8 சதவீதம். காரணம் எளிது. நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்ததுதான் நமக்கும் தெரிந்திருக்கும், ஒரே ஹாஸ்டல், ஒரே வகுப்பு, ஒரே வாட்ஸ்அப் குழு. கொஞ்சம் தள்ளி இருக்கிறவர் வேறு இடத்தில் நடமாடுகிறார், அதனால் புதுச் செய்தி அவரிடமிருந்துதான் வருகிறது.

அது இணையம் வருவதற்கு முன்னால். 2022இல் 'சயின்ஸ்' ஆய்விதழில் லிங்க்ட்இன்னை வைத்தே ஒரு பெரிய ஆய்வு வந்தது. 2 கோடிப் பேர், 5 ஆண்டுத் தரவு. மிதமான பழக்கம் உள்ளவர்கள்தான் வேலை மாற அதிகம் உதவுகிறார்கள் என்று அதுவும் சொன்னது. ஆனால் நமக்கு முக்கியம் அதன் இன்னொரு முடிவு: கணினி சார்ந்த துறைகளில்தான் இந்த மெல்லிய பழக்கம் வேலை செய்கிறது, கணினி அதிகம் நுழையாத துறைகளில் நெருங்கிய உறவுகள்தான் கைகொடுக்கின்றன. நம் ஊருக்கு இதை அப்படியே பொருத்திவிட முடியாது என்றாலும், நான் பார்க்கிறவரை இங்கேயும் அப்படித்தான் இருக்கிறது.

ஆகவே மென்பொருள், டேட்டா, டிசைன், டிஜிட்டல் மார்க்கெட்டிங், பத்திரிகை, வீடியோ எடிட்டிங் பக்கம் போகிறவர்கள் கணக்கு தொடங்குங்கள். மெக்கானிக்கல், சிவில், டெக்ஸ்டைல், ஓசூர், கோயம்புத்தூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலை வேலை என்றால் லிங்க்ட்இன் ஓரளவுதான் உதவும். இன்பிளான்ட் டிரெய்னிங் போன இடத்து சூப்பர்வைசரின் நம்பர், இரண்டு வருட சீனியர், லேபில் உங்களை நன்றாகத் தெரிந்த பேராசிரியர், இவர்கள்தான் அங்கே வழி. கூடவே மத்திய அரசின் நாட்ஸ் என்கிற அப்ரண்டிஸ் தளத்தில் பதிவு செய்யுங்கள். டிப்ளமோ, டிகிரி முடித்தவர்களுக்கு அப்ரண்டிஸ் வேலையும் மாத உதவித்தொகையும் அதன் வழியாகக் கிடைக்கும், தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரிய அலுவலகம் சென்னை தரமணியிலேயே இருக்கிறது. இந்த வழியைப் பற்றி இறுதியாண்டு வகுப்புகளில் இன்னும் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பது என் ஆதங்கம்.

கணக்கைச் சரியாக அமைப்பது

லிங்க்ட்இன்னில் பெயருக்குக் கீழே ஒரு வரி வரும். அதில் தானாகவே 'இன்ன கல்லூரி மாணவர்' என்று விழுந்துவிடும், பெரும்பாலானவர்கள் அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஹெச்.ஆர். ஆட்கள் உங்களைத் தேடுவது பெயரைப் போட்டு இல்லை, திறனைப் போட்டு. 'ஜாவா', 'எஸ்க்யூஎல்', 'டேலி', 'ஆட்டோகேட்', 'சென்னை' என்றுதான் தட்டுவார்கள். அந்தச் சொற்கள் உங்கள் பக்கத்தில் எங்கேயும் இல்லாவிட்டால் அவர்கள் கண்ணில் படவே மாட்டீர்கள். அந்த வரியில் 220 எழுத்துவரை இடம் இருக்கிறது. என்ன படிக்கிறீர்கள், எந்த ஆண்டு முடிப்பீர்கள், என்ன செய்யத் தெரியும், என்ன தேடுகிறீர்கள், இந்த நான்கும் அதில் வந்துவிட வேண்டும். 'கனவுகளைத் துரத்துபவன்', 'எதிர்காலத் தொழிலதிபர்' மாதிரி வரிகளை எடுத்துவிடுங்கள், அதைத் தேடி யாரும் வரமாட்டார்கள்.

திறன் பட்டியலில் தெரிந்ததை மட்டும் போடுங்கள். ஒரு வார வொர்க்‌ஷாப்பில் உட்கார்ந்ததற்காக மெஷின் லேர்னிங் என்று போட்டு, இன்டர்வியூவில் முதல் கேள்வியிலேயே விழித்துவிட்டால், அடுத்து நீங்கள் உண்மையிலேயே நன்றாகச் சொல்கிற விஷயத்தையும் அவர்கள் சந்தேகத்தோடுதான் கேட்பார்கள்.

அறிமுகப் பகுதியில் ஐந்தாறு வாக்கியம் போதும். இறுதியாண்டு ப்ராஜெக்ட் என்ன, அதில் நீங்கள் செய்தது எது (குழுவில் நாலு பேர் என்றால் உங்கள் பங்கு எது என்பதைத் தனியாகச் சொல்லுங்கள்), விடுமுறையில் கடையிலோ அப்பாவின் தொழிலிலோ கணக்கு பார்த்திருந்தால் அதையும் எழுதுங்கள். ஜவுளிக்கடையில் தீபாவளி சீசனில் பில் போட்டது அனுபவம் இல்லையா? அனுபவம்தான். வாடிக்கையாளரிடம் பேசிப் பழகிய ஆள் என்று அது சொல்கிறது, ஒரு சான்றிதழ் அதைச் சொல்லாது. ஆங்கிலம் சரளமாக வரவில்லை என்று தயங்காதீர்கள், சின்னச் சின்ன வாக்கியமாக, தப்பில்லாமல் இருந்தால் போதும். எழுதியதை ஒருவரிடம் காட்டித் திருத்தி வாங்குங்கள். செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் பளபளப்பான பத்தியை அப்படியே ஒட்டினால், நேரில் பேசும்போது அந்த ஆள் வேறு இந்த ஆள் வேறு என்று ஆகிவிடும்.

படம் வேண்டுமா? இருந்தால் நல்லது, வெளிச்சத்தில் வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்று போனில் எடுத்ததே போதும். படம் போட வீட்டில் சம்மதமில்லை, அல்லது உங்களுக்கே தயக்கம் என்றால் போடாமலே தொடங்குங்கள், கணக்கு இயங்கும். பிறந்த தேதி, போன் நம்பர், தங்கியிருக்கும் ஹாஸ்டல், ஊர் முகவரி எதையும் பொதுவில் வைக்காதீர்கள், அமைப்புகளுக்குள் போய் மின்னஞ்சல் முகவரியை யார் பார்க்கலாம் என்பதையும் சுருக்கிவிடுங்கள். இன்னொன்று, 'ஓப்பன் டு ஒர்க்' என்கிற வசதியில் இரண்டு வகை உண்டு. எல்லாருக்கும் தெரியும்படி படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் போடுவது ஒன்று, ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் தெரியவைப்பது மற்றொன்று. மாணவர்கள் எதை வைத்தாலும் கேடில்லை, ஆனால் பச்சை வளையத்தைப் பார்த்துப் போலி ஏஜென்ட்டுகளும் வருவார்கள் என்பதால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

அப்புறம் பழைய கணக்குகள். இன்ஸ்டாகிராமில், எக்ஸில் உங்கள் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். நடிகர் ரசிகர் சண்டையில் போட்ட கெட்ட வார்த்தை, சாதிப் பெருமை ரீல்ஸ், பெண்களைக் கேலி செய்யும் பதிவு, இவை இருந்தால் நீக்குங்கள். கம்பெனிக்காரர் பார்ப்பார் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, நாளை உங்களோடு ஒரே டீமில் உட்காரப் போகிறவர் அதைப் படித்தால் என்ன நினைப்பார் என்பதையும் யோசியுங்கள்.

யாரிடம் பேசுவது, என்ன பேசுவது

இங்கேதான் நிறையப் பேர் நின்றுவிடுகிறார்கள். கணக்கு தொடங்கியாகிவிட்டது, வகுப்பில் இருக்கிற அறுபது பேரும் இணைந்தாகிவிட்டது, அவ்வளவுதான். வகுப்புத் தோழர்களை இணைப்பதால் புதிதாக ஒன்றும் வராது, அவர்களிடம்தான் தினமும் பேசுகிறீர்களே.

லிங்க்ட்இன்னில் உங்கள் கல்லூரியின் பக்கத்துக்குப் போங்கள். முன்னாள் மாணவர்கள் என்று ஒரு பிரிவு இருக்கும். அதில் எந்த ஊரில் இருக்கிறார்கள், எந்த கம்பெனியில் இருக்கிறார்கள், என்ன படித்தார்கள் என்று பிரித்துப் பார்க்கலாம். இந்தத் தளத்திலேயே மாணவர்களுக்கு மிக உபயோகமான இடம் எனக்குத் தெரிந்து இதுதான். சின்னக் கல்லூரி என்றாலும் அதில் படித்து இன்று சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர், துபாய் என்று இருப்பவர்கள் வருவார்கள். உங்களைவிட இரண்டு முதல் ஐந்து வருடம் மூத்தவர்களைத் தேர்ந்தெடுங்கள். இருபது வருட அனுபவக்காரர் வேலைக்குச் சேர்ந்த கதை இன்றைக்குப் பொருந்தாது, அவருக்கு நேரமும் இருக்காது. மூன்று வருட சீனியருக்கு ஆப்டிடியூட் சுற்றில் என்ன கேட்டார்கள், ஹெச்.ஆர். சுற்றில் எங்கே தடுமாறினோம் என்பதெல்லாம் இன்னும் மறந்திருக்காது.

வாரத்துக்கு மூன்று பேருக்கு எழுதுங்கள், அதற்கு மேல் வேண்டாம். இலவசக் கணக்கில் இணைப்புக் கோரிக்கையோடு சேர்த்து எழுதும் குறிப்பு மாதத்துக்குச் சிலதான் அனுமதி, அதுவும் சிறியதாகத்தான் இருக்க வேண்டும், ஆகவே வீணாக்காதீர்கள். என்ன எழுதுவது? எளிய ஆங்கிலத்தில் இந்தச் சாயலில் இருந்தால் போதும்: "வணக்கம் அண்ணா, நானும் நம்ம காலேஜ்ல இசிஇ மூணாம் வருஷம் படிக்கிறேன். நீங்க எம்பெடட் பக்கம் வேலை பார்க்கிறதைப் பார்த்தேன். சி மொழி தெரியும், ஒரு மைக்ரோகன்ட்ரோலர் ப்ராஜெக்ட் செஞ்சிருக்கேன். இந்த ஆறு மாசத்துல அடுத்து எதைப் படிச்சா நல்லதுன்னு சொல்ல முடியுமா?" ஒரே ஊர்க்காரர், தமிழர் என்று தெரிந்தால் தமிழிலேயே எழுதினாலும் தப்பில்லை. பழக்கமில்லாதவரை அக்கா, அண்ணா என்பதா, மேடம், சார் என்பதா என்று குழப்பம் வந்தால் முதல் முறை சார், மேடம் போட்டுவிடுங்கள், சீனியர்களாக இருந்தால் அவர்களே "அண்ணான்னே கூப்பிடு" என்பார்கள்.

அந்தக் குறிப்பில் கவனிக்க வேண்டியது, அதில் வேலை கேட்கவில்லை. "எனக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுங்கள்" என்று முன்பின் தெரியாதவருக்கு எழுதினால் அவர் என்ன செய்ய முடியும்? அவருக்கு உங்களைத் தெரியாது, மறுப்பதற்கும் சங்கடம், ஆகவே பதில் எழுதாமல் விட்டுவிடுவார். ஒரு கேள்வி, அவருக்கு மட்டும் பதில் தெரிந்த கேள்வி, இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய கேள்வி என்றால் எழுத மனம் வரும். கூகுளில் தேடினால் கிடைக்கிற விஷயத்தைக் கேட்காதீர்கள். வெறும் 'ஹாய்' அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

பதில் வரவில்லையா, பத்து நாள் கழித்து ஒரே ஒருமுறை நினைவூட்டுங்கள், பிறகு விட்டுவிடுங்கள். பெரும்பாலானவர்கள் பதில் எழுத மாட்டார்கள், அதில் உங்களை அவமதிக்கும் எண்ணம் ஒன்றும் இல்லை, அவர்கள் வேலையில் மூழ்கியிருப்பார்கள். பதில் எழுதினவர் சொன்னதைச் செய்யுங்கள். இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். அவர் ஒரு கோர்ஸ் பாருங்கள் என்று சொன்னாரா, பாருங்கள், இரண்டு மாதம் கழித்து "நீங்கள் சொன்னதை முடித்தேன், இதைச் செய்து பார்த்தேன்" என்று இணைப்போடு ஒரு வரி அனுப்புங்கள். அறிவுரை கேட்டுவிட்டு காணாமல் போகிறவர்கள் நடுவில் சொன்னதைச் செய்துகாட்டுகிற ஒருவர் வந்தால் மறக்கவே மாட்டார்கள். அவர் கம்பெனியில் இடம் வரும்போது அவரே உங்களைத் தேடி வருவதற்கு வாய்ப்பு இருக்கிறது.

ரெஃபரல் என்பது அந்தக் கட்டத்தில்தான் கேட்க வேண்டியது. பல கம்பெனிகளில் ஊழியர்கள் தங்களுக்குத் தெரிந்தவர் பெயரைக் கொடுக்கலாம், அந்த ஆள் சேர்ந்தால் ஊழியருக்குச் சில இடங்களில் ஊக்கத்தொகையும் உண்டு. ஆகவே கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் கேட்கும்போது அந்த கம்பெனியின் இணையதளத்தில் எந்த வேலை, அதன் எண் என்ன, உங்கள் ரெஸ்யூமே, நீங்கள் ஏன் பொருந்துவீர்கள் என்று மூன்று வரி, எல்லாவற்றையும் ஒரே செய்தியில் கொடுத்துவிடுங்கள். "ஏதாவது இருந்தா சொல்லுங்க" என்றால் அவர்தான் உட்கார்ந்து தேட வேண்டும், அந்த வேலையை யாரும் செய்ய மாட்டார்கள். ரெஃபரல் கிடைத்தாலும் தேர்வு, இன்டர்வியூ எல்லாவற்றையும் நீங்களேதான் தாண்ட வேண்டும், ரெஸ்யூமே குவியலில் உங்களுடையதை ஒருவர் திறந்து பார்ப்பார், அவ்வளவுதான் அதன் பலன்.

ஒரே கிளிக்கில் விண்ணப்பிக்கும் பொத்தானை நம்பி உட்காராதீர்கள். அது எல்லாருக்கும் ஒரே கிளிக்தான், ஆகவே கூட்டமும் அங்கேதான். வேலை அறிவிப்பை லிங்க்ட்இன்னில் பாருங்கள், விண்ணப்பத்தை கம்பெனியின் சொந்தத் தளத்தில் போடுங்கள்.

செய்ததைக் காட்டுங்கள்

பேச்சு எவ்வளவு இருந்தாலும் கடைசியில் "என்ன செஞ்சிருக்கே, காட்டு" என்பார்கள். மென்பொருள் பக்கம் என்றால் கிட்ஹப், எழுதிய நிரல்களைப் போட்டுவைக்கும் தளம். அதில் ஆறு ப்ராஜெக்ட்வரை முகப்பில் வைக்கலாம், ஆறும் நிரப்ப வேண்டியதில்லை, இரண்டு நல்லதாக இருந்தால் போதும். எதற்காகச் செய்தேன், எப்படி ஓட்டுவது, எதில் சிக்கினேன் என்று விளக்கக் கோப்பில் எழுதிவையுங்கள். யூடியூப் பார்த்து அப்படியே தட்டச்சு செய்த கடைத் தளத்தைவிட, உங்கள் ஊர் பால் சொசைட்டிக்குக் கணக்கு எழுத ஒரு சின்ன நிரல் செய்தீர்கள் என்றால் அதைப் பற்றிப் பேச ஆயிரம் விஷயம் இருக்கும், யாருக்காக, என்ன குறை சொன்னார்கள், எப்படித் திருத்தினேன் என்று. டிசைன் என்றால் பிஹான்ஸ், டேட்டா என்றால் காகிள். காட்சித் தொடர்பியல், இதழியல் மாணவர்களுக்கு இன்ஸ்டாகிராமும் யூடியூபுமே வேலையைக் காட்டும் இடம், ஆனால் அதற்கென்று தனிக் கணக்கு வையுங்கள், நண்பன் கல்யாணப் படத்தோடு கலக்க வேண்டாம்.

ஆராய்ச்சிக்குப் போக நினைக்கிறவர்களுக்கு லிங்க்ட்இன்னைவிட மின்னஞ்சல்தான் சரியான கருவி. பேராசிரியரின் ஒரு ஆய்வுக் கட்டுரையையாவது படித்துவிட்டு, அதில் ஒரு கேள்வியோடு எழுதுங்கள். ஐஐடி மெட்ராஸின் கோடைக்காலப் பயிற்சித் திட்டம், நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு உதவித்தொகை போன்றவற்றுக்கு நேரடியாகவே விண்ணப்பிக்கலாம், யாரையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பதிவு எழுத வேண்டுமா என்று கேட்பார்கள். மாதத்துக்கு ஒன்று போதும். என்ன கற்றேன், என்ன செய்தேன் என்று பத்து வரி. சான்றிதழைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படத்தோடு "மகிழ்ச்சியுடன் அறிவிக்கிறேன்" என்று போடுவதைவிட, ஒரு பிழையை எப்படிக் கண்டுபிடித்தேன் என்று எழுதியதைத் துறைக்காரர் நின்று படிப்பார்.

நேரில் போகும் இடங்கள்

இணையத்தில் தொடங்கிய பழக்கம் நேரில் பார்த்தால் உறுதியாகும். சென்னையில் பைத்தான் நிரல்மொழி ஆர்வலர்களுக்கு சென்னைபை குழு இருக்கிறது. காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் லினக்ஸ் என்கிற திறந்த மூல (நிரலை யாரும் பார்த்துத் திருத்தலாம்) இயங்குதளத்தின் பயனர் குழுக்கள் இருக்கின்றன, தமிழிலேயே பேசுகிறார்கள், மாணவர்களை வரவேற்கிறார்கள். விழுப்புரம் மாதிரி ஊரில் இப்படி ஒரு குழு இருப்பது எனக்குப் பெரிய சந்தோஷம், ஏனென்றால் பெருநகரத்துக்குப் பயணச் செலவு செய்ய முடியாத மாணவருக்கு அது பக்கத்திலேயே கிடைக்கிறது. இப்படிப்பட்ட கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பாதீர்கள், பேசினவரிடம் போய் ஒரு கேள்வி கேளுங்கள், அன்று இரவே லிங்க்ட்இன்னில் "இன்று உங்கள் பேச்சைக் கேட்டேன்" என்று இணையுங்கள். முன்பின் தெரியாதவருக்கு அனுப்பும் கோரிக்கையைவிட இதற்குப் பதில் வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். கூகுள் 2005 முதல் நடத்தும் கோடைக்கால நிரலாக்கத் திட்டத்தில் சேர விரும்பினால் இந்தத் திறந்த மூலக் குழுக்களில் இருப்பவர்களிடம் கேளுங்கள், ஏற்கெனவே பங்களித்தவர்கள் அங்கே கிடைப்பார்கள்.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் நடத்தும் தனியார் வேலைவாய்ப்பு முகாம்களையும் தமிழக அரசின் தனியார் வேலைத் தளத்தையும் மறந்துவிடாதீர்கள். நான் முதல்வன் திட்டத்தில் 2022 முதல் கல்லூரிகளிலேயே நடக்கும் பயிற்சிகள் இருக்கின்றன, அதில் வரும் பயிற்றுநரும் ஒரு தொடர்புதான், வகுப்பு முடிந்ததும் அவரை விட்டுவிடாதீர்கள்.

ஏமாற்றுக்காரர்கள்

இதைப் படிக்காமல் தாண்டாதீர்கள். வேலை தேடும் மாணவர்கள் இருக்கிற இடத்தைத் தேடித்தான் இவர்களும் வருகிறார்கள்.

எந்த நல்ல கம்பெனியும் வேலை கொடுக்கப் பணம் கேட்காது. பதிவுக் கட்டணம், பயிற்சி டெபாசிட், லேப்டாப்புக்கு முன்பணம், திருப்பித் தருகிற கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அங்கேயே நிறுத்துங்கள். இன்டர்ன்ஷிப் என்று சொல்லி உங்களிடமே பணம் வாங்கிக்கொண்டு ஒரு மாதத்தில் சான்றிதழ் அனுப்புகிற இடங்களும் உண்டு, அந்தச் சான்றிதழை இன்டர்வியூவில் யாரும் மதிப்பதில்லை. வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ "வீடியோவுக்கு லைக் போட்டால் பணம்" என்று வரும். முதலில் நூறு, இருநூறு உண்மையிலேயே உங்கள் கணக்கில் விழும், நம்பிக்கை வந்ததும் பெரிய வேலைக்கு முன்பணம் கட்டச் சொல்வார்கள், அது போனது போனதுதான். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு தூரம் பணத்தை வங்கியில் நிறுத்திவைக்க வழி உண்டு. உங்கள் வங்கிக் கணக்கை, ஏடிஎம் கார்டை "கொஞ்ச நாள் கொடு, கமிஷன் தர்றேன்" என்று கேட்டாலும் கொடுக்காதீர்கள். திருட்டுப் பணம் அதில் ஓடினால் போலீஸ் முதலில் வருவது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டுக்குத்தான்.

வெளிநாட்டு வேலை விளம்பரம் அதைவிட ஆபத்து. தாய்லாந்தில் டிஜிட்டல் சேல்ஸ், மார்க்கெட்டிங் வேலை என்று சமூக வலைதளத்தில் விளம்பரம் செய்து, அங்கிருந்து மியான்மருக்குக் கடத்திப்போய் இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்துகிறார்கள் என்று 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை விட்டது. மியான்மரின் மியாவடி நகரில் அப்படிச் சிக்கிய தமிழ்நாட்டு இளைஞர்களை அந்த ஆண்டு மீட்டுக் கொண்டுவந்தார்கள். கம்ப்யூட்டர் தெரிந்த, படித்த பிள்ளைகளைத்தான் அவர்கள் குறிவைக்கிறார்கள். ஏஜென்ட் பெயர் மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள், சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றால் போகவே போகாதீர்கள்.

பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வேலை பற்றிப் பேச ஆரம்பித்து "உங்க போட்டோ நல்லா இருக்கு", "நம்பர் கொடுங்க, போன்ல பேசலாம்" என்று திரும்பினால் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம், பிளாக் செய்யுங்கள், தளத்திலும் புகார் செய்யுங்கள். அப்படிப்பட்ட ஒருவரால் கிடைக்கும் வேலை உங்களுக்கு வேண்டாம். அம்மா அப்பா பயப்படுகிறார்கள் என்றால் அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது, திரையை அவர்களிடம் காட்டி இன்னின்னாரிடம் இன்னது கேட்கிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

நேரம்

வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு காலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் வேலை அறிவிப்புகள், அரை மணி நேரம் செய்திகளுக்குப் பதிலும் புதிதாக மூன்று குறிப்பும், மீதி நேரம் கிட்ஹப்பையோ அறிமுகப் பகுதியையோ திருத்த. போனில் ஆப் வேண்டாம், லேப்டாப்பிலோ கல்லூரிக் கணினியிலோ உலாவியில் திறந்தால் போதும். அறிவிப்பு மணிகளை அணைத்துவிட்டு, உங்கள் திறனுக்கும் ஊருக்கும் பொருந்தும் வேலை வந்தால் மின்னஞ்சல் வரும்படி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்களின் ஆஃபர் லெட்டர் பதிவுகளைப் பார்த்துப் பார்த்துத் தூக்கம் கெடுகிறது என்றால், சீசன் முடியும்வரை அந்த முகப்பு ஓட்டத்தைப் பார்க்காதீர்கள், நேராகத் தேடல் பெட்டிக்கும் செய்திப் பெட்டிக்கும் மட்டும் போங்கள். கிடைக்காததை யாரும் பதிவு போடுவதில்லை, ஆகவே அங்கே தெரிவது கிடைத்தவர்களின் பட்டியல் மட்டும்தான். அரியர் இருக்கிறதா, முதலில் அதை முடியுங்கள். பல கம்பெனிகள் நிலுவைத் தாள் இருந்தால் தேர்வுக்கே அனுமதிப்பதில்லை, அந்தக் கதவை எந்தத் தொடர்பாலும் திறக்க முடியாது.

வேலை கிடைத்ததும் உதவினவர்களுக்கு ஒவ்வொருவராகத் தனித்தனியே சொல்லுங்கள், பொதுப் பதிவு அப்புறம். அதன் பிறகு கணக்கே வேண்டாம் என்று தோன்றினால் மூடிவிடலாம், ஆனால் மூடுவதற்கு முன்னால் அமைப்புகளில் போய் உங்கள் தரவின் நகலைக் கேட்டு இறக்கிக்கொள்ளுங்கள், உங்கள் தொடர்புகளின் பெயரும் அவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்பதும் அதில் ஒரு கோப்பாக வந்துவிடும்.